நான்கு எழுத்து, இரண்டு எண்

1939 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. பிரிட்டன் போரில் இறங்கி நான்கு வாரம்கூட நிறையவில்லை. லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸ் கவுண்டியில், இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் வயல்களை அழித்து வரிசை வரிசையாக எழுப்பிய வீடுகளில், அன்றிரவு குடும்பத் தலைவர்கள் ஒரு படிவத்தை நிரப்பினார்கள். பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, மணமானவரா, என்ன தொழில். அவ்வளவுதான். இங்கிலாந்தின் எல்லா ஊர்களிலும் அந்த இரவில் இதே வேலைதான். படிவங்களை வீடு வீடாகக் கொடுத்து வாங்க 65,000 கணக்கெடுப்பாளர்கள் இருந்தார்கள்.

அந்தப் பதிவேட்டின் பக்கங்களைப் பார்த்தால் ஒரு தொடர் வரிக்கு வரி கண்ணில் படும். கணவனுக்கு நேரே எழுத்தர், பஸ் ஓட்டுநர், கடைசல்காரர் என்று ஏதாவது இருக்கும். மனைவிக்கு நேரே 'சம்பளமில்லா வீட்டு வேலை'. விடிந்ததிலிருந்து அடையும்வரை உழைத்தவளை 'வேலை இல்லை' என்று தள்ளிவிடாமல் அரசாங்கம் உண்மையை எழுதிவைத்ததே, அதுவரைக்கும் நல்லது.

அடுத்த ஓரிரு நாளில் கணக்கெடுப்பாளர் திரும்பி வந்தார். படிவத்தைச் சரிபார்த்து, வாசலில் நின்றபடியே ஆளுக்கொரு மங்கிய பழுப்பு அட்டை எழுதிக் கொடுத்தார். அட்டையில் நான்கு எழுத்து, பிறகு ஓர் எண், பிறகு இன்னோர் எண். எழுத்துகள் எந்த வட்டாரம் என்று சொல்லும். முதல் எண் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுப் படிவம் என்பது. கடைசி எண் வீட்டுக்குள் ஆளின் வரிசை: பெரும்பாலும் அப்பா 1, அம்மா 2, பிள்ளைகள் 3, 4. இந்த எண்ணின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். போருக்காகப் பிறந்த எண் போரோடு போகவில்லை. 57 ஆண்டு ஓடியது.

இப்படி ஒரு பதிவேடு முதல் உலகப் போரிலும் உண்டு. 1915 ஆகஸ்டில் 15 முதல் 65 வயது வரையுள்ளவர்களை எல்லாம் பதிந்தார்கள். அது உருப்படவில்லை. வீடு மாறினால் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. சொல்வதால் மக்களுக்கு என்ன லாபம்? யாரும் சொல்லவில்லை. சில மாதங்களிலேயே பதிவேட்டில் இருந்த முகவரி ஒன்று, ஆள் இருந்த இடம் வேறு. தலைமைப் பதிவாளராக இருந்த சில்வானஸ் விவியன் இதிலிருந்து ஒரு பாடம் படித்துவைத்திருந்தார். பதிவேட்டுக்குத் தனியாக உயிர் கிடையாது. மரத்தில் புல்லுருவி போல, மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் ஏதோ ஒன்றின்மேல் அது ஒட்டி வளர வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் தேர்ந்தெடுத்த மரம் ரேஷன்.

ரேஷன் கார்டை முகவரிச் சான்றாக நீட்டிப் பழகிய நமக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும். 1940 ஜனவரி 8-ஆம் தேதி உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் ரேஷனுக்கு வந்தன. அட்டை எண் இல்லாமல் ரேஷன் புத்தகம் இல்லை. வீடு மாறினால் புது ஊர் உணவு அலுவலகத்தில் போய்ச் சொல்லாமல் புதுக் கடையில் வெண்ணெய் வாங்க முடியாது. சட்டத்துக்குப் பயப்படாதவன்கூட வெண்ணெய்க்காக வந்து நின்றான்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கம். ரேஷன் புத்தகங்களில் பெரியவர்களுக்குப் பழுப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலம். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பச்சை. பச்சைப் புத்தகம் கையில் இருந்தால் தினம் ஒரு பைன்ட் பால், கூடுதல் முட்டை, கடையில் பழம் வந்தால் முதல் உரிமை. பிறகு மீன் எண்ணெயும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஆரஞ்சுச் சாறும் சேர்ந்துகொண்டன. பிறப்பைப் பதிய ஆறு வாரம் அவகாசம் உண்டு. ஆனால் பதிந்தால்தான் குழந்தைக்கு எண், எண் வந்தால்தான் புத்தகம். எந்தத் தாய் ஆறு வாரம் காத்திருப்பாள்?

இனி இந்த எண் நகர சுகாதார அதிகாரியின் மேசைக்கு வருகிறது. அங்கேதான் அதன் உண்மையான வேலை தொடங்கியது என்பேன்.

ஒவ்வொரு நகராட்சியிலும் சுகாதார அதிகாரி ஆண்டுதோறும் ஓர் அறிக்கை எழுத வேண்டும்: எத்தனை பிறப்பு, எத்தனை சாவு, எத்தனை பேருக்குத் தொண்டை அடைப்பான், எத்தனை பேருக்குக் காசநோய், ஆயிரம் பேருக்கு எவ்வளவு. சாவுக் கணக்கில் சந்தேகம் வராது. 1837 முதல் இங்கிலாந்தில் பதிவாளர்கள் அதை எழுதிவருகிறார்கள். சான்று இல்லாமல் அடக்கம் செய்ய விடமாட்டார்கள். பின்னத்தின் மேல்வரி அதனால் உறுதி. கீழ்வரிதான் தொல்லை. இறந்தவர்களை எண்ணிவிடலாம், ஓரிடத்தில் இருப்பார்கள். உயிரோடிருப்பவர்களை எண்ணுவதுதான் பாடு. அதுவும் போர்க்காலப் புறநகரில்.

அந்தப் புறநகரின் நிலையைப் பாருங்கள். மிடில்செக்ஸின் சில பகுதிகளிலிருந்து பிள்ளைகளை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பக்கத்துப் பகுதி 'நடுநிலை', அங்கிருந்து அனுப்பவும் இல்லை, அங்கே யாரையும் குடிவைக்கவும் இல்லை. போன பிள்ளைகளில் பலர், குண்டு விழாததைப் பார்த்து, 1940 தொடங்கும்போதே வீடு திரும்பிவிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் குண்டு நிஜமாகவே விழுந்தது. கிழக்கு லண்டனில் வீடிழந்தவர்கள் மேற்கே வந்து உறவினர் வீட்டு முன்னறையில் தங்கினார்கள். பார்க் ராயல் தொழிற்சாலைகளுக்கு வெளியூரிலிருந்து ஆள் வந்தது. இளைஞர்கள் படைக்குப் போனார்கள். இந்த ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலை. வீடு மாறியதை வெண்ணெய்க்காகச் சொல்ல வைத்த பதிவேடுதான் இங்கே கைகொடுத்தது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் 1,00,000 பேர். ஆண்டுக்கு 1,000 சாவு. விகிதம் ஆயிரத்துக்கு 10. இப்போது 12,000 இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். அந்த வயதில் சாவு குறைவு. அவர்கள் ஊரிலேயே இருந்திருந்தால் 20 பேர் இறந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 88,000 பேர், 980 சாவு. விகிதம் 11.1. சாவு 20 குறைந்திருக்கிறது, விகிதமோ ஏறிவிட்டது! தண்ணீரில் கோளாறா, பதுங்குகுழியில் ஈரமா என்று நகராட்சி உறுப்பினர்கள் கேட்பார்கள். கோளாறு எதுவுமில்லை, ஊருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். இதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியது சுகாதார அதிகாரியின் தலைவிதி.

1939-ஆம் ஆண்டுக்கு மட்டும் தலைமைப் பதிவாளர் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு மக்கள்தொகை எண்களை அனுப்பினார். ஒன்று பிறப்பு விகிதத்துக்கு, மற்றது சாவு விகிதத்துக்கு. ஒரே ஊருக்கு ஒரே ஆண்டில் இரண்டு தொகை என்பது கேலிக்கூத்தாகத் தோன்றும். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. செப்டம்பருக்கு முன் இருந்த ஊர் வேறு, பின் இருந்த ஊர் வேறு. ஒரே எண்ணைக் கொடுத்து ஏமாற்றாமல் இரண்டையும் கொடுத்துவிட்டார். பிந்தைய ஆண்டுகளில் மதிப்பீடு அனுப்பியபோது, அதை அறிக்கையில் அச்சிட வேண்டாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. எந்த ஊரில் எத்தனை பேர் என்று எதிரிக்குத் தெரியக் கூடாதாம். சாவுத் தொகையையும் விகிதத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டால் பள்ளிக்கூடப் பையன்கூட வகுத்துக் கண்டுபிடிப்பானே என்று யாராவது முணுமுணுத்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், யார் கணக்கில் யார் என்பது. 1944 செப்டம்பர் 8 மாலை, சிசிக் பகுதியின் ஸ்டேவ்லி சாலையில் லண்டன் கண்ட முதல் வி-2 ராக்கெட் விழுந்தது. எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை. ஒலியை முந்தி வருவதற்கு எப்படி ஊதுவது? எரிவாயுக் குழாய் வெடித்தது என்று பேச்சு பரவியது. ராக்கெட் என்ற உண்மையை அரசாங்கம் நவம்பர் 10 வரை வாய்விட்டுச் சொல்லவில்லை. இறந்தவர்கள் மூவர்: மூன்று வயதுச் சிறுமி, வயதான ஒரு பெண்மணி, விடுப்பில் இருந்த ஒரு படைவீரர். போர் தொடங்கியதிலிருந்தே ஊர் விகிதங்கள் குடிமக்களுக்கு மட்டும் என்று வகுத்துவிட்டார்கள். கீழ்வரியில் படைவீரர் இல்லை என்றால் மேல்வரியிலும் அவர் இருக்கக் கூடாது. ஒரே தெருவில் ஒரே நொடியில் இறந்த மூவரில் இருவர்தான் ஊர்க் கணக்குக்கு உரியவர்கள். கல்நெஞ்சக் கணக்கு என்று தோன்றலாம். இருவரா மூவரா என்று குழப்பிவிட்டால் எந்த விகிதத்துக்கும் பொருளில்லை.

பிறப்பிலும் இப்படித்தான். லண்டன் கர்ப்பிணிகளைக் குண்டுக்குத் தப்ப வைக்க வெளியூர் மாளிகைகளைப் பிரசவ இல்லங்களாக மாற்றினார்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பிராக்கெட் ஹால் மாளிகையில் மட்டும் 1949 வரை 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. பதிவு அங்கே, ஆனால் குழந்தை தாயின் ஊருக்குச் சொந்தம். எனவே தலைமைப் பதிவாளர் அலுவலகம் இந்தப் பிறப்புகளை ஊர் மாற்றி, உரிய சுகாதார அதிகாரிக்கு அனுப்பியது. இந்த 'உள்வரவு', 'வெளிச்செலவு' வரிகளைப் படிக்காமல் போர்க்கால அறிக்கைகளின் பிறப்பு எண்ணை அப்படியே எடுத்தாளும் வரலாற்றுக் கட்டுரைகள் எத்தனையோ.

இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவே ஆடாத ஒன்று உண்டு: சிசு மரண விகிதம். அதன் கீழ்வரி மக்கள்தொகை இல்லை, உயிரோடு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை. அதுவோ பதிவாளர் புத்தகத்தில் இருக்கிறது. எனவே போர்க்கால எண்களில் ஒன்றை மட்டும் நம்பு என்றால் நான் இதைத்தான் நம்புவேன். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து 1939-இல் ஆயிரத்துக்கு 51. குண்டுவீச்சும் கடுங்குளிரும் சேர்ந்து 1941-இல் 60 ஆக ஏறியது. 1944-இல் 45. அதுவரை நாடு கண்டிராத குறைவு! செத்துப் பிறக்கும் குழந்தைகளும் போருக்குள் ஆயிரத்துக்கு 38-லிருந்து 28 ஆகக் குறைந்தன. கர்ப்பிணியின் கையிலிருந்த பச்சைப் புத்தகத்துக்கு இதில் பங்கு உண்டு என்றே அன்றைய மருத்துவர்கள் நினைத்தார்கள். அன்று எல்லோருக்கும் வேலை கிடைத்தது, கூலி உயர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலுக்கு மட்டும் மாலை போடுவது சரியாகாது.

பதிவேட்டின் மதிப்பை உயர்த்திய விபத்து ஒன்றும் மிடில்செக்ஸிலேயே நடந்தது. 1942 டிசம்பரில் ஹேய்ஸில் இருந்த அரசுக் கிடங்கு தீப்பிடித்தது. எதிரி போட்ட குண்டு காரணமில்லை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் முழுவதும் அங்கே எரிந்துபோயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆக, 1921-க்கும் 1951-க்கும் நடுவே ஆள்வாரியாக மிஞ்சியது அந்த வெள்ளிக்கிழமை இரவுப் பதிவு ஒன்றுதான்.

போர் முடிந்தும் அட்டை போகவில்லை. 1950 டிசம்பர் 7-ஆம் தேதி, மிடில்செக்ஸின் ஃபின்ச்லியில் காரோட்டி வந்த கிளாரன்ஸ் வில்காக் என்பவரைக் காவலர் நிறுத்தி அட்டையைக் கேட்டார். வில்காக் காட்ட மறுத்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், தண்டனை செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனால் வேறொரு காரணத்துக்காகக் கொண்டுவந்த சட்டத்தை வைத்துப் போலீசார் எடுத்ததற்கெல்லாம் அட்டை கேட்பதைத் தலைமை நீதிபதி கோடார்ட் சாடிவிட்டார். 1952 பிப்ரவரியில் அடையாள அட்டை ஒழிந்தது. மக்கள் கிழித்துப் போட்டார்கள்.

எண் மட்டும் ஒழியவில்லை. அதற்குள் வேறு மரம் கிடைத்துவிட்டது. 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, மருத்துவரிடம் பெயர் பதிந்தவர்கள் தங்கள் அடையாள எண்ணைத்தான் கொடுத்தார்கள். மருத்துவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊதியம். ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருக்கக் கூடாது. அதற்கு நாடு முழுதுக்கும் ஒரு பேரேடு வேண்டும். சவுத்போர்ட் நகரில், ஸ்மெட்லி ஹைட்ரோ என்ற பழைய நீர்ச் சிகிச்சை விடுதியில், 1939 புத்தகங்கள் தயாராகக் காத்திருந்தன. அங்கிருந்த எழுத்தர்கள், திருமணமான பெண்ணின் பழைய குடும்பப் பெயரை அடித்து மேலே புதுப் பெயரை எழுதினார்கள்; மறுமணம் என்றால் அதையும் அடித்து மூன்றாவது பெயர். கணினி வரும்வரை, 1991 வரை, இது நடந்தது. ஓர் ஆய்வில் சேர்ந்தவர் பின்னால் எந்த ஊரில் இறந்தார், எதனால் இறந்தார் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அறிந்துகொண்டதும் இந்தப் பேரேட்டின் வழியாகத்தான்.

1996-இல் பத்து இலக்க எண் வந்து பழையதை ஓய்வுக்கு அனுப்பியது. 2015-இல் பதிவேடு இணையத்தில் பொதுப் பார்வைக்கு வந்தபோது, நூறு வயது ஆகாமல் உயிரோடிருக்கக் கூடியவர்களின் வரிகளைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள்.

கீழ்வரித் தகராறு மட்டும் இன்றும் ஓயவில்லை. இங்கிலாந்தில் மருத்துவர்களின் பட்டியல்களில் உள்ள பெயர்களைக் கூட்டினால், நாட்டின் மக்கள்தொகை மதிப்பீட்டைவிடப் பல லட்சம் கூடுதலாக வருகிறது. இடம் மாறிப் போனவர்கள், நாடு விட்டுப் போனவர்கள், பெயர் நீக்கப்படாத இறந்தவர்கள். இவர்களுக்கு அங்கே 'பேய் நோயாளிகள்' என்று பெயர். வெண்ணெய்க்காக உணவு அலுவலகத்தில் வந்து நிற்க வேண்டிய அவசியம் இவர்களில் யாருக்கும் இல்லை.