நால்வர் விதி: டெனாலி மலையேற்றப் பாதுகாப்பு முறைமையின் வரலாறு (1913–1995)

ஆய்வுச்சுருக்கம்

மலையேற்றப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வளர்ச்சி வரலாறாகவே எழுதப்படுகிறது. அலாஸ்காவின் டெனாலி மலையை எடுத்துக்கொண்டு, அப்பார்வை போதுமானதன்று என இக்கட்டுரை வாதிடுகிறது. ஒரு குழுவில் குறைந்தது நால்வர் இருக்க வேண்டும் என்ற பூங்கா நிருவாகத்தின் விதி, 1967ஆம் ஆண்டுப் பேரிடரில் வகித்த இடம் இங்கு ஆராயப்படுகிறது. பொருள்களையும் ஆள்தொகையையும் சரிபார்த்த முறையிலிருந்து, ஏறுவோருடன் உரையாடும் முறைக்குப் பாதுகாப்பு நகர்ந்தமையும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: டெனாலி, மலையேற்றம், தேசியப் பூங்கா, பாதுகாப்பு விதிகள், வில்காக்ஸ் குழு.

முன்னுரை

டெனாலி 6,190 மீட்டர் உயரமுடையது. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம். அப்பெயர் அங்குள்ள தொல்குடிகளில் ஒருவரான கோயுகோன் மக்களின் மொழியிலிருந்து வந்தது. அமெரிக்க அரசு 1917இல் இப்பகுதியில் மெக்கின்லி மலைத் தேசியப் பூங்காவை நிறுவியது. 1980இல் அது விரிவாக்கப்பட்டு டெனாலி தேசியப் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இக்கட்டுரை மலையின் தொல்குடிப் பெயரையே எடுத்தாள்கிறது.

காட்டியல்பு கெடாத நிலப்பரப்பைப் பேணும் பூங்கா ஒன்று, அந்நிலத்தின் இடர்களிலிருந்து வருகையாளரையும் காக்க முற்படும்போது ஒரு முரண் எழுகிறது. மலையை மாற்ற இயலாது. எனவே மலைக்கு வருவோரை ஒழுங்குபடுத்த வேண்டும். எதனை அளந்து ஒழுங்குபடுத்துவது என்பதே வினா. டெனாலியில் இவ்வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் அளிக்கப்பட்டன.

முதல் ஏற்றமும் அதன் கருவிகளும்

1913ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் ஹட்சன் ஸ்டக், ஹாரி கார்ஸ்டென்ஸ், வால்ட்டர் ஹார்ப்பர், ராபர்ட் டேட்டம் ஆகிய நால்வர் உச்சியை அடைந்தனர். அவர்களுள் முதலில் உச்சியில் கால்வைத்தவர் கோயுகோன் மரபில் வந்த ஹார்ப்பர். நால்வரும் உச்சியை எட்டி நலமாகத் திரும்பிய இந்நிகழ்வு, பாதுகாப்பு வரலாற்றுக்குத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளத்தக்கது.

அக்குழுவின் கருவிகள் சிறப்பானவை அல்ல. வெளியிலிருந்து தருவிக்கப்பட்ட பனிக்கோடரிகள் பயன்படாதவையாக இருந்ததால், ஃபேர்பேங்க்ஸ் நகரிலேயே புதியன செய்விக்கப்பட்டன. பனியாற்றில் அமைத்த முகாமொன்றில் தீப்பற்றி உணவுப் பொருள்களும் உடைமைகளும் எரிந்தன; சர்க்கரை முற்றிலும் அழிந்தது. 1912ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் சிதைந்து கிடந்த மலைமுகட்டில் கார்ஸ்டென்ஸும் ஹார்ப்பரும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் படிகளை வெட்டினர். அடிமுகாமில் நாய்களைக் காத்துத் தனியே காத்திருந்த ஜானி ஃபிரெட் என்னும் சிறுவன், தன் பங்குச் சர்க்கரையை உண்ணாமல் சேமித்து, திரும்பி வந்தவர்களுக்கு அளித்ததை ஸ்டக் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

இச்செய்தியை அன்பின் வெளிப்பாடாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. குழுவின் இயல்பிற்கு அது ஒரு சான்றுமாகும். ஹார்ப்பர் பல ஆண்டுகள் ஸ்டக்குடன் பயணம் செய்தவர். கார்ஸ்டென்ஸ் அலாஸ்காவின் குளிரையும் வழிகளையும் நன்கறிந்தவர். கருவிகள் எரிந்தபோதும் பயணம் முறியாமைக்கு, ஒருவரையொருவர் அறிந்திருந்தமையும் நிலத்தை அறிந்திருந்தமையும் காரணங்கள் எனக் கொள்ளலாம்.

பூங்காவும் ஒழுங்குமுறையும்

1921இல் கார்ஸ்டென்ஸ் பூங்காவின் முதல் கண்காணிப்பாளரானார். மலையை ஏறியறிந்தவரே அதன் நிருவாகியாகவும் அமைந்தார். 1932இல் அப்போதைய கண்காணிப்பாளர் ஹாரி லீக் தாமே உச்சிவரை ஏறினார். அதே ஆண்டு முல்ட்ரோ பனியாற்றில் ஆலன் கார்ப்பே, தியடோர் கோவன் ஆகிய இருவர் இறந்தனர். அண்டக்கதிர் ஆய்விற்காக வந்த அவர்களின் ஆளற்ற முகாமைக் கண்டவர்கள் உச்சியிலிருந்து இறங்கிவந்த லீக் குழுவினரே. டெனாலியில் பதிவான முதல் உயிரிழப்புகள் இவை.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறுவோர் தொகை பெருகியது. விமானத்தில் பனியாற்றில் இறங்கி ஏறும் மேற்குப் பாதையைப் பிராட்ஃபோர்டு வாஷ்பர்ன் 1951இல் திறந்தார். நிருவாகி ஒவ்வொரு குழுவையும் நேரில் அறிந்திருக்கும் நிலை மறைந்தது. அவ்விடத்தை விண்ணப்பங்கள் நிரப்பின. 1960களில் குழுவினரின் அனுபவம், கருவிப் பட்டியல் முதலியவற்றைப் பூங்கா நிருவாகம் முன்கூட்டியே ஆராய்ந்து இசைவளித்தது. குழுவில் குறைந்தது நால்வர் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளுள் ஒன்று.

இவ்விதியின் நோக்கம் தெளிவானது. ஒருவர் பனிப்பிளவில் வீழ்ந்தால் அவரை மேலே இழுக்கவும், ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் துணையிருக்க ஏனையோர் உதவி தேடவும் ஆள் வேண்டும். ஆயினும் இவ்விதி ஆள்தொகையை எண்ணியதே தவிர, அந்நால்வரிடையே நிலவும் உறவை எண்ணவில்லை.

1967: தைக்கப்பட்ட குழு

ஜோ வில்காக்ஸ் தலைமையில் ஒன்பதின்மர் கொண்ட குழுவொன்று 1967இல் ஏற முற்பட்டது. உறுப்பினர் பலர் கடிதத் தொடர்பின் வழியே சேர்ந்தவர்கள். அதே காலத்தில் கொலராடோவிலிருந்து வரவிருந்த நால்வர் குழுவில் ஒருவர் சாலை விபத்தில் காயமுற்று விலகினார். எஞ்சிய மூவரும் தம்முள் பழகியவர்கள். எனினும் நால்வர் விதியின்படி அவர்களால் தனியே ஏற இயலாது. எனவே அவர்கள் வில்காக்ஸ் குழுவுடன் இணைக்கப்பட்டனர். பன்னிருவர் கொண்ட ஒரே குழு உருவாயிற்று.

1913இல் ஏறிய முல்ட்ரோ பாதையிலேயே இவர்களும் ஏறினர். இப்பயணத்திலும் தீ குறுக்கிட்டது. அடுப்பினால் ஒரு கூடாரம் எரிந்தது. சூலை 15ஆம் நாள் வில்காக்ஸும் கொலராடோ மூவரும் உச்சியை அடைந்து இறங்கலாயினர். வில்காக்ஸின் முதற்குழுவைச் சேர்ந்த எழுவர் உச்சி முயற்சிக்காக மேலே தங்கினர். சூலை 18ஆம் நாள் உச்சியிலிருந்து அவர்களின் குரல் ரேடியோவில் கேட்டது. அதன்பின் பெரும்புயல் மலையைச் சூழ்ந்தது. எழுவருள் ஒருவரும் திரும்பவில்லை. அதே பாதையில் ஏறிக்கொண்டிருந்த அலாஸ்கா மலையேற்றக் கழகத்தினர் பின்னர் மூவரின் உடல்களைக் கண்டனர். ஏனைய நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

சான்றுகளின் சார்பு

இந்நிகழ்வு குறித்த நூல்களைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. கொலராடோக் குழுவின் தலைவர் ஹோவர்டு ஸ்னைடர் 1973இல் வெளியிட்ட ‘தி ஹால் ஆஃப் தி மவுண்டன் கிங்’ வில்காக்ஸ் குழுவின் திறமையையும் தலைமையையும் குறைகூறுகிறது. வில்காக்ஸ் 1981இல் வெளியிட்ட ‘ஒயிட் விண்ட்ஸ்’ புயலின் கடுமையை முன்னிறுத்துகிறது. ஜேம்ஸ் டேபர் 2007இல் எழுதிய நூல் பூங்கா நிருவாகத்தின் மீட்பு முயற்சியில் நேர்ந்த தாமதத்தைச் சாடுகிறது. 2014இல் ‘டெனாலிஸ் ஹவுல்’ நூலை எழுதிய ஆண்டி ஹால், 1967இல் பூங்காக் கண்காணிப்பாளராக இருந்தவரின் மகன். அவரும் புயலின் அரிய வலிமைக்கே முதன்மை தருகிறார்.

ஒவ்வொரு நூலாசிரியரும் தாம் நிற்கும் இடத்திலிருந்து குற்றத்திற்கு ஓர் உரியவரைத் தேடுகின்றனர். ‘யார் குற்றவாளி’ என்னும் வினாவிலேயே தங்கிவிட்டால், எல்லா நூல்களும் ஒப்புக்கொள்ளும் ஓர் உண்மையின் முழுப்பொருள் புலப்படாது. அது, இரு குழுக்களும் ஒரு விதியின் பொருட்டே ஒன்றாக்கப்பட்டன என்பது.

விதியே எழுவரைக் கொன்றது என இக்கட்டுரை கூறவில்லை. அவ்வாறு கூறச் சான்றில்லை. இறந்த எழுவரும் வில்காக்ஸின் முதற்குழுவினர். இணைக்கப்பட்ட மூவரும் உயிர்பிழைத்தனர். ஆனால் குழு எவ்விடத்தில் இரண்டாகப் பிரிந்தது என்பது நோக்கத்தக்கது. முதலில் உச்சிக்குச் சென்றவர்கள் கொலராடோ மூவரும் தலைவரும். பின்னர்ச் சென்றவர்கள் முதற்குழுவினர் மட்டுமே. அவர்களுடன் தலைவர் இல்லை. விதி எந்த இடத்தில் தைத்ததோ, ஏறத்தாழ அவ்விடத்திலேயே தையல் பிரிந்தது. விண்ணப்பத்தாளில் பன்னிருவராக இருந்த குழு, மலையில் மீண்டும் இரண்டாயிற்று.

1967க்குப் பின்

பேரிடருக்குப் பின் விதிகள் மேலும் இறுகியிருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது வேறு. 1970களில் முன்தகுதி நிபந்தனைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன; ஏறுவோரின் தன்பொறுப்பு வலியுறுத்தப்பட்டது. பேரிடர் நிகழ்ந்து மூன்றே ஆண்டுகளில், 1970 ஆகஸ்டில், ஜப்பானியரான நவோமி உவேமுரா டெனாலியில் தனியொருவராக ஏறித் திரும்பினார். அவரே 1984 பிப்ரவரியில் குளிர்காலத்தில் தனியே உச்சியை அடைந்து, இறங்கும்போது மறைந்தார். ஆள்தொகை மட்டுமே பாதுகாப்பின் அளவுகோல் என்பதையோ, அது பொருட்டே அன்று என்பதையோ இவ்விரு பயணங்களைக் கொண்டு நிறுவ இயலாது.

தளர்வும் முழு விடையாக அமையவில்லை. 1992ஆம் ஆண்டு ஏறும் பருவத்தில் பல நாட்டவரான 11 பேர் இறந்தனர். 1995 முதல் இரு மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன: பயணத்திற்கு 60 நாள்களுக்கு முன்பே பதிவு செய்தல், ஒவ்வொருவரும் 150 டாலர் கட்டணம் செலுத்துதல். இப்பதிவு பழைய இசைவுமுறையின் மீட்சி அன்று. ஏறுவோர் தம் ஊரை விட்டுப் புறப்படுமுன் அவர்களோடு தொடர்புகொள்ளவும், குளிர், பனிப்பிளவு, உயரநோய் ஆகியவை குறித்த குறிப்புகளைப் பல மொழிகளில் அனுப்பவும் அது காலஇடைவெளி தந்தது. டால்கீட்னா ஊரிலுள்ள காவலர் நிலையத்தில் ஒவ்வொரு குழுவும் நேரில் அறிவுரை பெற வேண்டும். மேற்குப் பாதையில் ஏறத்தாழ 4,330 மீட்டர் உயர முகாமில் காவலர்களும் தன்னார்வலர்களும் பருவம் முழுதும் தங்குகின்றனர்.

முடிவுரை

டெனாலியின் பாதுகாப்பு வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பகுக்கலாம். முதற்கட்டத்தில் நிருவாகி ஏறுவோரை அறிந்திருந்தார். இரண்டாம் கட்டத்தில் அவ்வறிமுகத்தின் இடத்தைப் பட்டியலும் ஆள்தொகையும் பிடித்தன. மூன்றாம் கட்டத்தில், இழந்த அறிமுகத்தை ஓரளவேனும் மீட்க 60 நாள் இடைவெளியும் நேருரையும் ஏற்படுத்தப்பட்டன. கருவியின்றி மலையேற்றம் இல்லை. விதியின்றிப் பூங்காவும் இல்லை. ஆனால் எண்ணத்தக்கதை மட்டும் எண்ணும் விதி, தான் தடுக்க விரும்பிய இடருக்கே வேறொரு வாயிலைத் திறந்துவிடக்கூடும். நால்வர் விதி நல்லெண்ணத்தில் பிறந்தது. அதனாலேயே அது விட்டுச்சென்ற பாடம் பிற பாதுகாப்பு முறைமைகளை ஆராய்வோருக்கும் பயன்படும். ஒரு பாதுகாப்பு விதியை மதிப்பிடும்போது, அது எதனை அளக்கிறது என்பதோடு எதனை அளக்காமல் விடுகிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.