நம் வீட்டுச் சவுக்கு மரம்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரத்தில், மாங்காட்டில் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டின் முன்னறையில் பழைய பெயின்ட் வாளியொன்றில் மணல் நிரப்பி, ஆளுயரச் சவுக்குக் கிளையொன்றை நட்டிருந்தார்கள். வண்ணக் காகிதச் சங்கிலி, பஞ்சுத் துணுக்கு, சீரியல் விளக்கு, உச்சியில் அட்டையில் வெட்டிய ஒரு நட்சத்திரம். ஆறாம் வகுப்பு பயிலும் அவ்வீட்டுச் சிறுமி நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஃபாதர், பக்கத்து வீட்டுத் தோழி கேட்கிறாள். இது உங்கள் கோயில் மரமா, இதைச் சுற்றி வந்து கும்பிடுவீர்களா என்று. நான் என்ன சொல்வது?"

மாங்காட்டில் இக்கேள்வி எழுவது இயல்பே. ஊரின் பெயரே மாமரக் காடு என்பதுதான். காமாட்சி அம்மன் இங்கே ஊசிமுனையில் ஒற்றைக் காலூன்றித் தவமிருந்து, பின்னர்க் காஞ்சிக்குச் சென்றாள் என்பது இத்தலத்தின் வரலாறு. காஞ்சியிலும் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மாமரமே. மரம் என்றால் அதற்கு ஒரு தெய்வமும் ஒரு வழிபாடும் உண்டு என்று அறிந்து வளர்ந்த பிள்ளை, வீட்டுக்குள் ஒரு மரத்திற்கு விளக்கேற்றி வைத்திருப்பதைக் கண்டால் வேறு எதைக் கேட்பாள்? நாம் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் செபித்து ஆசீர் வழங்கிவிட்டு வந்தோம். சொன்ன பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

இம்மரம் எங்கிருந்து வந்தது? புனித போனிப்பாசுவிடமிருந்து என்பார் சிலர். எட்டாம் நூற்றாண்டில், ஜெர்மானிய மக்கள் டோனார் என்னும் இடித் தெய்வத்திற்கு உரியதாகப் போற்றிய கருவாலி மரத்தைக் கெய்ஸ்மர் என்னுமிடத்தில் அவர் வெட்டி வீழ்த்தினார். அந்தக் கட்டையைக் கொண்டே புனித பேதுருவின் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுப்பினார். இதை வில்லிபால்டு எழுதிய அவருடைய வரலாற்றில் காண்கிறோம். தமிழருக்கு இச்செயல் புதிதன்று. பகைவரின் காவல்மரமாகிய கடம்பை வெட்டி முரசு செய்த சேரலாதனைப் பதிற்றுப்பத்து பாடவில்லையா? ஆனால் வெட்டிய கருவாலியின் அடியிலிருந்து ஒரு பசுமையான ஊசியிலை மரம் முளைத்ததென்றும், அதுவே முதல் கிறிஸ்து பிறப்பு மரமென்றும் சொல்லப்படுவது பிற்காலப் புனைவு. வில்லிபால்டின் நூலில் அது இல்லை. மார்ட்டின் லூத்தர் பனிக்காட்டில் விண்மீன்களைக் கண்டு வீட்டு மரத்தில் மெழுகுதிரி ஏற்றினார் என்னும் கதைக்கும் அவர் காலத்துச் சான்று கிடையாது.

சான்று கிடைப்பது ரைன் ஆற்றங்கரையில், அல்சாசு நாட்டில். 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பயணக் குறிப்பு, ஸ்ட்ராஸ்பூர்க் நகர மக்கள் தம் வீட்டுக் கூடங்களில் மரங்களை நிறுத்தி, பல வண்ணக் காகித ரோசாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், பொன்தகடுகள், இனிப்புகள் ஆகியவற்றைத் தொங்கவிட்டார்கள் என்று கூறுகிறது. ஆப்பிள் ஏன், அப்பம் ஏன்? இடைக்கால ஐரோப்பாவில் டிசம்பர் 24ஆம் நாள் ஆதாம் ஏவாளின் நினைவுநாள். அந்நாளை ஒட்டி நடிக்கப்பட்ட பரதீசு நாடகத்தில் ஆப்பிள்கள் தொங்கும் ஒரு மரம் மேடை நடுவே நிற்கும். அந்த நாடக மரமே வீட்டுக்குள் வந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். விலக்கப்பட்ட கனியோடு, நற்கருணையை நினைவூட்டும் அப்பமும் அதே கிளையில் தொங்கியது. வீழ்ச்சியும் மீட்பும் ஒரே மரத்தில்! நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் விளக்கும் பாடத்தை ஒரு தச்சரோ நெசவாளியோ தம் வீட்டுக் கூடத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்.

இம்மரத்தை முதலில் கண்டித்தவர் யார் என்பதுதான் வேடிக்கை. அதே ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1640களில் லூத்தரன் இறையியலார் டான்ஹவுவர், இறைவார்த்தைக்குச் செலவிட வேண்டிய திருநாளை மக்கள் வீணடிக்கும் அற்பச் செயல்களுள் ஒன்றாக இதைக் குறித்தார். மரத்தில் பொம்மைகளையும் சர்க்கரைப் பண்டங்களையும் தொங்கவிட்டுப் பின்னர் உலுக்கி உதிர்க்கிறார்கள் என்று எரிச்சலோடு எழுதினார். ஆயினும் மரம் லூத்தரன் இல்லங்களிலேயே வளர்ந்தது. கத்தோலிக்கர் நெடுங்காலம் அதை ஏற்கவில்லை. நமக்குக் குடில் இருந்தது. 1223ஆம் ஆண்டு கிரேச்சியோவில் புனித அசிசியார் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு பிறப்பு விழாவைக் கொண்டாடிய மரபு இருந்தது. மரம் அவர்களுடையது, குடில் நம்முடையது என்று எல்லை வகுத்து வாழ்ந்தார்கள்.

அந்த எல்லையைக் கடந்தவர்கள் பெரும்பாலும் மருமகள்களே. கத்தோலிக்க அரசவையாகிய வியன்னாவில் 1816இல் மரத்தை நிறுத்தியவர், ஆர்ச்டியூக் கார்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புரோட்டஸ்டன்டு சபைப் பெண்ணான ஹென்ரியேட்டா. இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டு வின்சரில் மரம் வைத்தவர், ஜெர்மனியிலிருந்து அரசியாக வந்த சார்லட். பிறந்த வீட்டு வழக்கத்தைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், குழந்தைகள் மகிழ்ந்தார்கள், அதன்பின் எந்த இறையியலாரால் தடுக்க முடியும்? 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை ஒரு லண்டன் வார இதழ் வெளியிட்டது. அதன்பின் ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் மரமும் சென்றது.

சென்னை மாகாணத்தில் பனிக்காட்டு மரத்திற்கு எங்கே போவது? இங்கேதான் சவுக்கு வருகிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. இன்றும் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியே அதே தடத்தில்தான் நாம் பயணிக்கிறோம். எஞ்சின்களுக்கு விறகு வேண்டியிருந்தது. கடற்கரை மணலில் விரைந்து வளரும் சவுக்கை அடுத்த சில ஆண்டுகளில் தோப்புத் தோப்பாக நட்டார்கள். தென்கிழக்கு ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் தாயகமாகக் கொண்ட சவுக்கு, பார்வைக்கு ஊசியிலை மரம் போலிருக்குமேயன்றி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. நாம் இலை என்று எண்ணும் பச்சை இழைகள் உண்மையில் மெல்லிய கிளைகள். இலைகளோ அவற்றின் கணுக்களில் கண்ணுக்கும் எளிதில் தென்படாத செதில்களாக ஒட்டியிருக்கின்றன. எப்படியாயினும் தோற்றம் பொருந்தியது, கிளை மலிவாகக் கிடைத்தது. பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளில் சிறுவயதில் அக்கிளையைக் கண்டதாக, எஞ்சின் ஓட்டுநர் ஒருவரின் மகளான எண்பது வயது மூதாட்டி நம் பங்கில் இன்றும் நினைவுகூர்கிறார். மறுபுறம், அக்காலத்து ஆங்கிலேயரின் பங்களா வாயில்களில் இந்தியப் பணியாளர்கள் வாழைமரம் கட்டி, செவ்வந்தி மாலை தொங்கவிட்டு வைப்பது வழக்கமாயிருந்தது. துரையின் வாயிலில் நம் வாழை, நம் கூடத்தில் துரையின் மரம்!

இனி, நம் குறையைச் சொல்ல வேண்டும். பூவிருந்தவல்லித் திரு இருதய குருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில், பண்பாட்டுமயமாதல் என்னும் சொல் நம்மை மிகவும் ஆட்கொண்டிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியைப் பெரிதும் போற்றினோம். மக்களின் பழக்கங்கள் சமயத்திற்கும் நல்லொழுக்கத்திற்கும் வெளிப்படையாக முரண்படாத வரையில் அவற்றை மாற்றத் துணியாதீர் என்று உரோமை 1659இல் மறைபரப்பாளருக்கு அறிவுறுத்தியதைப் படித்திருந்தோம். குருப்பட்டம் பெற்ற புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில், பிறப்பு விழாவுக்கு முந்திய ஞாயிறன்று மறையுரையில் முழங்கினோம்: மரம் அந்நியருடையது, குடிலே நம்முடையது, மரத்தை வெளியே எறியுங்கள் என்று. மறுநாள் நற்கருணை கொண்டு ஒரு நோயாளியின் இல்லம் சென்றோம். வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், ஒரு சவுக்குக் கிளை காகிதச் சங்கிலிகளோடு சாய்ந்து கிடந்தது. உள்ளே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பாயில் கிடந்தான். அச்சங்கிலிகளைப் படுத்தபடியே ஒரு வாரமாக அவன் ஒட்டினான் என்று அவன் தாய் சொன்னார். நம்மைக் குறைகூறிச் சொல்லவில்லை. "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவன் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

நொபிலியாரைப் படித்த நாம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்பது பின்னரே தெரிந்தது. குடில் மட்டும் எங்கே பிறந்தது? இத்தாலியில். அதை அந்நியம் என்று யாரும் சொன்னதில்லை. நம் களிமண்ணும் நம் வைக்கோலும் சேர்ந்து அதை நம்முடையதாக்கிவிட்டன. பனை வளராத வடநாடுகளில் வில்லோ கிளையைக் குருத்தாக ஏந்துகிறார்கள். நாம் தென்னங்குருத்தை ஏந்துகிறோம். 601ஆம் ஆண்டு திருத்தந்தை பெரிய கிரகோரியார் இங்கிலாந்து மறைபரப்புப் பணிக்காக எழுதிய கடிதத்தில், ஆலயங்களைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தலிட்டு மக்கள் விருந்துண்டு மகிழட்டும் என்றார். அந்தப் பரிவு நம் மறையுரையில் இல்லை.

திருச்சபையும் காலப்போக்கில் மரத்தை வாழ்த்தி ஏற்றுக்கொண்டது. புனித பேதுரு சதுக்கத்தில் முதன்முதலாக மரம் நிறுத்தப்பட்டது 1982இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் காலத்தில். பொதுமக்களின் பக்தி முயற்சிகள் பற்றி 2001இல் உரோமை வெளியிட்ட வழிகாட்டி நூல், இம்மரத்தை ஏதேன் தோட்டத்து வாழ்வின் மரத்தோடும் சிலுவை மரத்தோடும் இணைத்துப் பேசுகிறது. மரத்தடியில் வைக்கும் அன்பளிப்புகளுள் ஏழைகளுக்கு உரிய ஒன்றும் இருக்கட்டும், ஏனெனில் அவர்களும் ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே என்றும் அதே இடத்தில் கூறுகிறது. நம் பங்கில் எத்தனை இல்லங்களில் மரத்தடியில் அந்த ஒரு பொட்டலம் இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கேட்டால் நமக்கே சங்கடம்.

இப்போது வேறொரு மாற்றம். நாம் சந்தித்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் மரங்களே இருந்தன. உலகின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பெரும்பகுதி சீனத்தின் யீவு நகரிலிருந்து வருகிறது. மாங்காட்டு மரமும் அங்கிருந்து வந்ததாகவே இருக்கலாம். ஆண்டுதோறும் பயன்படும், குப்பை இல்லை என்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பெயின்ட் வாளியில் கிளை நட்ட வீட்டார் விருந்தினர் வரும்போது சற்றுக் கூச்சத்தோடு, "இந்த வருஷம் மரம் வாங்க முடியலை, ஃபாதர்" என்கிறார்கள். கண்ணெதிரே மரம் நிற்கும்போதே அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கூச்சத்தைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை.

விழா முடிந்தபின், திருக்காட்சிப் பெருவிழா வாரத்தில் அச்சிறுமியின் வீட்டுக்கு மீண்டும் சென்றோம். இம்முறை முழுக் கதையையும் சொன்னோம், சாக்கடை ஓரத்துக் கிளை உட்பட. கும்பிடுவதற்கன்று, ஆதாம் ஏவாளை நினைத்து ஒருவர் கட்டினார், பிள்ளைகள் மகிழ்ந்ததால் மற்றவர்கள் தொடர்ந்தார்கள், நம் ஊரில் கிடைத்தது சவுக்கு என்று தோழியிடம் சொல் என்றோம். தோழியும் அங்கேதான் அமர்ந்திருந்தாள். "அப்போ மாமரக் கிளையிலும் செய்யலாமா?" என்றாள். செய்யலாம் என்றோம். கிளை அதற்குள் காய்ந்து, பழுப்பு இழைகள் தரையெங்கும் உதிர்ந்திருந்தன. பெருக்கி மாளவில்லை என்று தாய் முறையிட்டார். காகிதச் சங்கிலியைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, கிளையை ஒடித்துப் பின்கட்டில் வெந்நீர் அடுப்பருகே போட்டார்கள்.