திரௌபதி (மணிப்பூர் நாடகம்)

திரௌபதி: மகாசுவேதா தேவி 1978இல் வங்க மொழியில் வெளியிட்ட சிறுகதையைத் தழுவி, ஹெய்ஸ்னம் கன்ஹைலால் 2000ஆம் ஆண்டு இம்பாலில் இயக்கிய நாடகம். தலைப்புப் பாத்திரத்தில் அவருடைய மனைவி ஹெய்ஸ்னம் சாவித்திரி நடித்தார்.

கதையின் நாயகி டோப்டி மெஜேன், நக்சல்பாரிக் கிளர்ச்சியில் சேர்ந்த சந்தால் பெண். பிடிபட்டவளை ராணுவ முகாமில் இரவு முழுக்கப் பலர் சிதைக்கிறார்கள். விடிந்ததும் அவளை அதிகாரியிடம் அழைத்துப்போக வருகிறார்கள். கொடுத்த தண்ணீரை அவள் கொட்டுகிறாள், சேலையைப் பல்லால் கிழிக்கிறாள், காயங்களோடு நிர்வாணமாக வெயிலில் நடந்து அதிகாரி சேனாநாயக்கின் எதிரே போய் நிற்கிறாள். கையில் ஆயுதமில்லாத ஒருத்தியைக் கண்டு அவன் முதன்முறையாகப் பயப்படுகிறான். பாரதத்துத் திரௌபதிக்குக் கண்ணன் சேலை தந்தான். இவளுக்கு யாரும் தரவில்லை. தந்திருந்தாலும் உடுத்தியிருக்க மாட்டாள். வெட்கப்பட வேண்டியவள் தான் அல்ல என்பதை அவள் உடம்பாலேயே சொல்கிறாள்.

கன்ஹைலால் 1969இல் கலாக்ஷேத்ரா மணிப்பூர் குழுவைத் தொடங்கியவர். வசனத்தைக் குறைத்து, மூச்சு, குரல், உடல் இவற்றிலிருந்தே நாடகத்தை எழுப்பியவர். 1978இல் இம்பாலின் இமா சந்தைப் பெண்களையே நடிக்கவைத்து ‘நுபி லான்’ என்ற நாடகத்தை உருவாக்கினார். ‘திரௌபதி’ மேடையேறியபோது சாவித்திரிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடைசிக் காட்சியில் அவர் ஆடையைக் களைந்து நின்றார். ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஊருக்கு, அந்த முகாம் எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் இம்பாலில் கண்டனம் எழுந்தது. பேச்செல்லாம் ராணுவத்தை விட்டுவிட்டு நடிகையின் உடம்பைச் சுற்றியே நடந்தது.

நாடகம் மேடையேறி நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலை 11 அதிகாலையில் அசாம் ரைபிள்ஸ் படையினர் தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். குண்டு துளைத்த உடல்தான் கிடைத்தது. ஜூலை 15 அன்று, அந்தப் படை தங்கியிருந்த காங்லா கோட்டையின் வாயிலுக்கு 12 பெண்கள் வந்தார்கள். ஊரின் ‘இமா’க்கள், அதாவது தாய்மார்கள்; பலர் தீப்பந்தமேந்தித் தெருக்காவல் இருந்த மெய்ரா பைபி அமைப்பினர். ஆடைகளைக் களைந்து, வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தில், எங்களையும் வன்புணருங்கள் என்று ராணுவத்துக்குச் சவால் விட்டார்கள். பிறகு சிறைக்கும் போனார்கள்.

நாடகம் போராட்டத்தை முன்கூட்டியே கண்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நாடகத்தைப் பார்த்துத்தான் தாய்மார்கள் அப்படிச் செய்தார்கள் என்று நீட்டிச் சொல்வது, அவர்கள் கோபத்தை இரவல் கோபமாக்கிவிடும். சாவித்திரியும் அந்தத் தாய்மார்களும் ஒரே மண்ணில், ஒரே பயத்துக்கு நடுவில் வாழ்ந்தவர்கள். மேடையில் ஆபாசம் என்று கண்டிக்கப்பட்டது என்ன என்பது காங்லா வாயிலில்தான் ஊருக்குப் புரிந்தது.

2004 ஆகஸ்டில் இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில் காங்லா கோட்டை மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. மனோரமா மரணம் பற்றிய நீதி விசாரணை அறிக்கையோ 2014 வரை வெளியே வரவில்லை.

2016 செப்டம்பரில் ஹரியானாவின் மகேந்திரகட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதே கதை நாடகமாக நடிக்கப்பட்டபோது, ராணுவத்தை அவமதிப்பதாக எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த மாதம் 6ஆம் தேதி கன்ஹைலால் இம்பாலில் காலமானார்.