பழைய வழக்கில் பறிபோன துப்பாக்கி உரிமை... திரும்பக் கிடைக்குமா? அமெரிக்கச் சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் பொதுவாக, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம் நிரூபணமானால், 1968-ம் ஆண்டுச் சட்டப்படி ஆயுசுக்கும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஒருநாள்கூட ஜெயிலுக்குப் போகாதவருக்கும் இதே தடைதான். 1995-ல் உணவு மானியத்துக்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டிய பென்சில்வேனியா நபருக்கு, 2024 டிசம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையை உறுதி செய்தது.

விலக்கு கேட்டு மத்திய அரசிடம் மனு போடலாம்னு சட்டத்திலேயே இருக்கு. ஆனா, அதைப் பரிசீலிக்க 1992-லிருந்து நாடாளுமன்றம் பணமே ஒதுக்கலை! 2025 மார்ச்சில் நீதித்துறை அந்தப் பொறுப்பைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது.

மாநில வழக்கு என்றால் ஆளுநர் மன்னிப்பு, தண்டனைப் பதிவு நீக்கம் போன்ற வழிகள் உண்டு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மத்திய அரசு வழக்கு என்றால் அது செல்லாது, அதிபர்தான் மன்னிக்கணும். உரிமை திரும்பும் முன்பே துப்பாக்கி வைத்திருந்து சிக்கினால், 15 ஆண்டு வரை சிறை.