விலங்குத் தொகுதிப் பெயர்கள்

ஆடுமாடுகளுக்கு மந்தை, யானைக்குக் கூட்டம், எறும்புக்குச் சாரை என்பன பேச்சுத் தமிழில் வழங்கும் பெயர்கள். பழந்தமிழில் மாட்டுத் தொகுதி ‘நிரை’. பகைவர் நிரையைக் கவர்வது வெட்சித் திணை. செங்கம் பகுதி நடுகற்களில் மாட்டு நிரைக்குப் பெயர் ‘தொறு’. தொறுவை மீட்கப் போரிட்டு மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் அங்கே பல. மாடே செல்வமாக இருந்த காலத்துக்கு இக்கற்களைவிட நல்ல சான்று தேவையில்லை.

தொகுதிப் பெயர்களில் ‘கிடை’ இன்றும் உயிரோடு இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆடுகளையோ மாடுகளையோ அடைத்துவைப்பதைக் ‘கிடை போடுதல்’ என்பர். புழுக்கையும் சாணமும் மூத்திரமும் நேரே மண்ணில் சேரும். மறுநாள் கிடை இடம் மாறும். இதற்காக நிலத்துக்காரர் மேய்ப்பர் தலைவரான கீதாரிக்குப் பணமோ நெல்லோ தருவார். கி. ராஜநாராயணனின் குறுநாவல் ஒன்றுக்கும் ‘கிடை’ என்பதே பெயர்.