முதிர்ந்த மட்டையாளரின் உண்மை விலை: சென்னை சூப்பர் கிங்ஸின் ஏல முடிவுகளை முன்வைத்து

தோற்றுப்போன ஓர் அணி தன்னை மீண்டும் கட்டி எழுப்ப முனையும்போது, ஆட்டவாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒரு மட்டையாளரை விலை கொடுத்து வாங்கலாமா? அமெரிக்க பேஸ்பாலில் இது ஆண்டுதோறும் எழும் கேள்வி. சென்னையில் இதை ஆராய 2018 முதல் 2025 வரையிலான சென்னை சூப்பர் கிங்ஸின் வரலாற்றைவிடப் பொருத்தமான களம் இல்லை. சாந்தோம் நெடுஞ்சாலையில் தலைமையகம் கொண்ட இந்தியா சிமெண்ட்ஸ் 2008இல் உருவாக்கிய இந்த அணி, வேறெந்த ஐபிஎல் அணியையும்விட அதிகமாக முப்பது கடந்தவர்களை நம்பியது. அந்த நம்பிக்கையால் கோப்பைகளையும் வென்றது, கடைசி இடத்தையும் அடைந்தது. வழக்கமாக இந்த விவாதம் வயதா, அனுபவமா என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு மூத்த மட்டையாளரின் விலையை ஏலத் தொகையால் அளப்பதே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். ஓர் இன்னிங்ஸில் 120 பந்துகள். அவற்றில் எத்தனையை அவர் எடுத்துக்கொள்கிறார், அவை இல்லையென்றால் யாருக்குப் போயிருக்கும் என்பதே உண்மையான விலை. மறுகட்டமைப்பில் இருக்கும் அணி மூத்தவரை வாங்கலாம்; ஆனால் தயக்கமின்றி வெளியே உட்காரவைக்கக்கூடிய விலையிலும் நிலையிலும் அவர் இருந்தால் மட்டுமே.

முதலில் ஓர் ஆட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 2025 ஏப்ரல் 5, சேப்பாக்கம். டெல்லி கேபிடல்ஸ் வைத்த இலக்கு 184. பதினோராவது ஓவரில் சென்னை 74 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து நின்றது. களத்தில் 34 வயது விஜய் சங்கரும் 43 வயது தோனியும். அதன்பின் ஒரு விக்கெட்டும் விழவில்லை. விஜய் சங்கர் 54 பந்துகளில் 69, தோனி 26 பந்துகளில் 30, இருவரும் ஆட்டமிழக்காமல் திரும்பினார்கள். சென்னை 158 எடுத்து 25 ஓட்டங்களில் தோற்றது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஐந்து விக்கெட்டுகள் கையிருப்பில் இருக்கத் தோற்பதென்றால், விக்கெட்டைக் காப்பதில் வெற்றி கிடைத்தது, பந்தைச் செலவிடுவதில் தோல்வி கிடைத்தது என்று பொருள். மற்ற ஐவர் சரிந்த பழியை இவர்கள் மேல் போடுவது நியாயமாகாது. அந்த நிலையிலிருந்து வெல்வது யாருக்கும் கடினம். ஆயினும் இருவரும் சேர்ந்து 80 பந்துகளை, அதாவது இன்னிங்ஸில் மூன்றில் இரண்டு பங்கை, எதிர்கொண்டு 99 ஓட்டங்கள் சேர்த்தார்கள். ஆட்டமும் கைவிட்டுப் போனது. அந்த 80 பந்துகளால் அடுத்த ஆண்டு அணிக்கு எந்தப் பாடமும் சேரவில்லை. விஜய் சங்கரின் ஏல விலை 1.2 கோடி. அணியின் மொத்தச் செலவில் அது சிறு தொகைதான். விலைமதிப்புள்ளவை அந்தப் பந்துகள்.

இதற்கு எதிரான மிக வலுவான சான்று 2018. இரண்டாண்டுத் தடைக்குப் பின் திரும்பிய அணி ஷேன் வாட்சனை 4 கோடிக்கும் அம்பத்தி ராயுடுவை 2.2 கோடிக்கும் வாங்கியபோது, 'அப்பாக்கள் அணி' என்ற கேலி எழுந்தது. மே 27 அன்று வான்கடே மைதானத்தில் ஹைதராபாத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில், 179 என்ற இலக்கைத் துரத்திய வாட்சன் தன் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. இருபது வயது இளைஞன் ஒருவன் இறுதியாட்டத்தில் அப்படி நின்றிருந்தால், பதினோராவது பந்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியிருப்பான். 36 வயது வாட்சன் பொறுத்திருந்தார். 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117 எடுத்துக் கோப்பையைக் கொடுத்தார். அனுபவம் என்று நாம் சொல்லும் அந்தப் பொறுமை மெய்யானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் 2018இன் சென்னை மறுகட்டமைப்பில் இருந்த அணி அல்ல. தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் தக்கவைத்து, டுபிளெசியையும் பிராவோவையும், பழைய வீரர்களைத் திரும்பப் பெறும் உரிமை அட்டை காட்டி மீட்டு, ஏற்கெனவே வென்று பழகிய ஒரு கட்டுமானத்தின் விடுபட்ட இடங்களை நிரப்பிய அணி அது. அதன் தேவை அந்த ஆண்டின் வெற்றி. அதற்கு மூத்தவர் பொருத்தமான மருந்துதான்.

அந்த மருந்தின் பின்விளைவு அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. வாட்சனின் ஓட்டங்கள் 2018இல் 555, 2019இல் 398, 2020இல் 299. அந்த மூன்றாம் ஆண்டில் அணி எட்டு அணிகளில் ஏழாவதாக முடிந்து, முதன்முறையாக பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது. அதே ஆண்டில் அக்டோபர் 19 அன்று, ராஜஸ்தானிடம் தோற்றபின், இளைஞர்களிடம் போதிய தீப்பொறி தெரியவில்லை என்ற பொருளில் தோனி பேசினார். அப்போது ருதுராஜ் கெய்க்வாட் ஐபிஎல்லில் ஆடியிருந்தது இரண்டே ஆட்டங்கள். எடுத்தவை 0, 5. அதற்கு முந்தைய 2019 பருவம் முழுவதும் அவர் ஓர் ஆட்டமும் ஆடாமல் பெஞ்சில் இருந்தார். அடுத்த வாய்ப்பிலும் அவர் பூஜ்யத்தில் வெளியேறினார். அதன்பின் பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களிலும் தொடர்ந்து அரைசதம் அடித்தார். மறு ஆண்டு 635 ஓட்டங்களுடன், அதிக ஓட்டம் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பியும் அணிக்குக் கோப்பையும் வந்தன. தோனியின் அந்த மதிப்பீட்டைப் பிழை என்று குறை சொல்வது என் நோக்கமன்று. இரண்டு இன்னிங்ஸை வைத்து ஓர் இளைஞரை மதிப்பிட வேண்டிய நிலைக்கு அணி எப்படி வந்தது என்பதே கேள்வி. முந்தைய இரண்டு ஆண்டுகளின் பந்துகள் எல்லாம் மூத்தவர்களிடம் போய்விட்டதால்தான், 2020 அக்டோபரில் அணியிடம் இளைஞர்களைப் பற்றிய தகவலே இல்லாமல் போனது.

கோயம்புத்தூரின் என். ஜெகதீசன் கதை இதைவிடக் கூர்மையானது. 2018இல் அணியில் சேர்ந்து, 2022 முடிவில் விடுவிக்கப்பட்ட அவர் அந்த ஐந்து பருவங்களில் சென்னைக்காக ஆடியவை ஏழு ஆட்டங்கள். விடுவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, 2022 நவம்பர் 21 அன்று, விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்தார். அது அவருடைய தொடர்ச்சியான ஐந்தாவது சதம். அதன்பின் கொல்கத்தா அணிக்குப் போன அவர் அங்கே பெரிதாகச் சோபிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் ஐபிஎல்லுக்கு ஏற்ற மட்டையாளர் இல்லை என்றே முடிவாகலாம். அந்த முடிவுக்குக்கூட ஐந்து ஆண்டுகளில் வரமுடியாத அளவுக்கு அவருக்குப் பந்துகள் கிடைக்கவில்லை என்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது.

அப்படியானால் மூத்தவர்களே வேண்டாமா? அஜிங்க்ய ரஹானே அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. 2022இல் பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று ஒன்பதாம் இடத்தில் முடித்த சென்னை, அந்த டிசம்பரில் அவரை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு வாங்கியது. அவருக்கு நிலையான இடம் எதுவும் இல்லை. 2023 ஏப்ரல் 8 அன்று மொயின் அலிக்கு உடல்நலம் சரியில்லாததால் மும்பைக்கு எதிராகக் களமிறங்கி, 19 பந்துகளில் அரைசதம் கடந்து 27 பந்துகளில் 61 எடுத்தார். பருவ முடிவில் 326 ஓட்டங்கள், நூறு பந்துகளுக்கு 172 என்ற வேகத்தில். மறு ஆண்டு அந்த வேகம் 123 ஆகக் குறைந்தது. இந்த ஏற்ற இறக்கமே பாடம். மூத்த மட்டையாளரின் ஓர் ஆண்டு உச்சம் அடுத்த ஆண்டுக்கு உத்தரவாதமாகாது. எனவே அவரோடு செய்துகொள்ளும் உடன்பாடு குறுகியதாகவும் மலிவாகவும் இருக்கவேண்டும். பேஸ்பாலில் ஆல்பர்ட் புஹோல்ஸ் ஒருவரிடமே இதன் இரு முகங்களும் தெரிகின்றன. 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி அவரோடு பத்தாண்டுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அவர் சரிந்துகொண்டே போனபோதும், கொடுத்த விலையே அவரை ஆட்டக்களத்தில் வைத்திருந்தது. 2021 மே மாதம் விடுவித்தார்கள். 2022இல் கார்டினல்ஸ் அணி 25 லட்சம் டாலருக்கு ஓராண்டு மட்டும் எடுத்து, குறிப்பாக இடக்கை வீச்சாளர்களுக்கு எதிராகப் பயன்படுத்தியது. 42 வயதில் அவர் 24 ஹோம் ரன் அடித்தார். அதிக விலை கொடுத்த அணி தன் முடிவை நியாயப்படுத்தத் தொடர்ந்து ஆடவைக்கிறது. குறைந்த விலை கொடுத்த அணிக்குத் தேர்வு செய்யும் சுதந்திரம் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். இளைஞருக்குப் பந்து கொடுத்து வளர்த்தாலும், மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஏலத்தில் அவர் வேறு அணிக்குப் போய்விடுவாரே, பிறகு யாருக்காக வளர்ப்பது என்று கேட்கிறார்கள். இது வலுவான கேள்வி. பேஸ்பால் வாதங்களை அப்படியே இங்கே நடவு செய்ய முடியாததற்கும் இதுவே காரணம். ஆனால் இந்த விதியை முழுதாகப் பார்த்தால் அது என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. அமெரிக்காவில் கடைசியில் வரும் அணிக்கு அடுத்த தலைமுறை வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை உண்டு. தோல்விக்கே ஒரு விளைச்சல் இருக்கிறது. ஐபிஎல்லில் பத்தாம் இடத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஆக, தோற்ற பருவம் ஒன்றிலிருந்து அணி எடுத்துச் செல்லக்கூடிய ஒரே சொத்து, அந்தப் பருவத்தில் இளைஞர்கள் ஆடிய பந்துகள்தான். அதையும் மூத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் எதுவுமில்லை. பெரிய ஏலத்துக்குப் பின் தொடங்கும் முதல் பருவமே இளைஞர்களுக்கான பருவம். மூன்றாம் பருவத்தில், கட்டுமானம் தயாரான பிறகு, விடுபட்ட இடத்துக்கு ஒரு வாட்சனைத் தேடலாம். சென்னை 2022, 2025 இரண்டிலும் இதைத் தலைகீழாகச் செய்தது. 2022 பிப்ரவரி ஏலத்தில் ராயுடுவுக்கு 6.75 கோடியும் உத்தப்பாவுக்கு 2 கோடியும் கொடுத்தது. அதே ஏலத்தில், இந்நகரத்திலேயே வளர்ந்து ஆழ்வார்ப்பேட்டை கிரிக்கெட் கிளப்புக்காக முதல் டிவிஷன் லீகில் ஆடிய சாய் சுதர்சனைக் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 இறுதியாட்டத்தில் அவர் சென்னைக்கு எதிராகவே 47 பந்துகளில் 96 அடித்தார். அந்தக் கோப்பையைச் சென்னை வென்றது, ரஹானேயும் கடைசி ஆட்டம் ஆடிய ராயுடுவும் அதில் பங்களித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2025இல் சுதர்சன் 759 ஓட்டங்களுடன் ஆரஞ்சுத் தொப்பி அணிந்தபோது, சென்னை பட்டியலின் அடியில் இருந்தது.

ரசிகர்களைக் காட்டி எழுப்பும் மறுப்பு இன்னொன்று. சேப்பாக்கத்தின் மஞ்சள் கூட்டம் தெரிந்த முகங்களைப் பார்க்கத்தான் வருகிறது, அவர்கள் இல்லாவிட்டால் அரங்கு காலியாகும் என்பது. ஐபிஎல் அணிகளின் வருவாயில் பெரும்பங்கு நுழைவுச்சீட்டில் வருவதில்லை; 2023–27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்று, அதன் பங்கு எல்லா அணிகளுக்கும் போகிறது. கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் அபாயமும் இல்லை. ஓராண்டு பொறுத்துக்கொள்ள இந்த அணிக்கு வசதி இருக்கிறது. தவிர, 2025இல் தெரிந்த முகங்களோடு ஆடியபோது சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. இந்த ஊரின் பார்வையாளர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள். 1999இல் சென்னையில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியவர்கள் ஒரு பதினேழு வயதுப் பையனின் தடுமாற்றத்தைப் பொறுக்கமாட்டார்கள் என்று கருதுவது அவர்களை அவமதிப்பதாகும்.

அந்தப் பையன் வந்தும் விட்டான். ருதுராஜின் முழங்கைக் காயத்தால் மாற்றாக வந்த ஆயுஷ் மாத்ரே, 2025 மே 3 அன்று பெங்களூருவில் 48 பந்துகளில் 94 அடித்தார். சென்னை 2 ஓட்டங்களில் தோற்றது. புள்ளிப் பட்டியலில் ஏப்ரல் 5 தோல்விக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அணிக்கு மிஞ்சியதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. டெவால்ட் பிரெவிஸும் அதேபோல் ஒருவரின் காயத்தால் வந்தவர். ரஹானே வந்தது மொயினின் உடல்நலக் குறைவால். இந்த அணியின் சிறந்த கண்டுபிடிப்புகள் திட்டத்தால் வராமல் தற்செயலால் வந்திருக்கின்றன என்பது நிர்வாகம் கவலைப்பட வேண்டிய செய்தி.

2025 நவம்பரில் மூத்த மட்டையாளர்களான திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் மூவரையும் விடுவித்து, டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் 20 வயது பிரஷாந்த் வீரையும் 19 வயது கார்த்திக் சர்மாவையும் தலா 14.2 கோடிக்கு வாங்கியதன் மூலம், சென்னை தன் திசையை வெளிப்படையாக மாற்றிக்கொண்டது. அதை வரவேற்கிறேன். எஞ்சியிருப்பது யாரும் உரக்கப் பேசத் தயங்கும் ஒரு பெயர். ஐந்தாண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்ற விதியின்படி, 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட தோனி, தொகையால் பார்த்தால் மலிவானவர். கடைசி ஓவர்களில் வந்து பத்துப் பந்துகள் ஆடினால் பந்துக் கணக்கிலும் மலிவானவரே. அந்த அளவில் அவர் இருப்பது அணிக்கு நன்மை என்றே நினைக்கிறேன். ஆனால் இக்கட்டுரை வைத்த நிபந்தனை, தேவைப்படும்போது அவரை வெளியே உட்காரவைக்க முடியுமா என்பது. ஐந்து கோப்பைகள் தந்தவரிடம் அந்த முடிவைச் சொல்லும் பொறுப்பை எந்த இளம் கேப்டன் தலையிலும் சுமத்தக்கூடாது. பருவம் தொடங்கும் முன்பே, எத்தனை ஆட்டங்கள், எந்த ஓவருக்குப் பின் என்பதை நிர்வாகமும் தோனியும் பேசி எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.