மீர்: உலகமா, அமைதியா?

ஐஐடி என்ட்ரன்ஸுக்குப் படிச்சவங்களுக்கு இரோடவ் பிசிக்ஸ் புத்தகம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். அதை முதல்ல இங்கிலீஷ்ல போட்டது மாஸ்கோவோட மீர் பதிப்பகம். தமிழ்ல கூட அறிவியல் புத்தகங்கள் போட்டிருக்காங்க. 1986-ல மேல போய் 2001-ல பசிபிக் கடல்ல விழுந்த விண்வெளி நிலையத்துக்கும் அதே பேர்தான்.

ரஷ்ய மொழியில மீர்னா உலகம். அமைதின்னும் அர்த்தம். ஒரே பேர்ல ரெண்டு வேரியபிள் :-)

முன்னாடி இந்தக் குழப்பம் எழுத்துல இல்லை. உச்சரிப்பு ஒண்ணுதான், ஆனா 'இ' ஒலிக்கு ரெண்டு எழுத்து இருந்துச்சு. உலகம்னா புள்ளி வச்ச எழுத்து (і), அமைதின்னா இன்னொண்ணு (и). 1918 எழுத்துச் சீர்திருத்தத்துல புள்ளி எழுத்தைத் தூக்கிட்டாங்க. டால்ஸ்டாயோட 'போரும் அமைதியும்' நாவல்ல இருக்கிறது அமைதி மீர்தான். அது 'போரும் உலகமும்'னு ஒரு வதந்தி ரொம்ப நாளா சுத்துது, நம்பாதீங்க.

புள்ளி வச்ச மீருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: கிராமச் சமூகம். நிலம் ஊருக்குப் பொது, அப்பப்போ குடும்பங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. ஒருத்தன் வரி கட்டலைன்னா மொத்த ஊரும் கட்டணும். 1906-ல பிரதமர் ஸ்தொலீப்பின் தனியாப் பிரிஞ்சு போக வழி பண்ற வரைக்கும், விவசாயி அதை விட்டு வெளியே வர்றது லேசுல நடக்காது. ஊரையே உலகம்னு சொன்னதுல தப்பே இல்லை.

மத்த ஸ்லாவிய மொழிகள்ல இவ்வளவு சிக்கல் கிடையாது. உக்ரைன், பல்கேரியா, செர்பியா எல்லா இடத்துலயும் மிர்னா அமைதி. பெலாரஸ்லயும் அப்படித்தான், எழுதறது மட்டும் புள்ளி எழுத்துல. உலகத்துக்கு இவங்க வச்சிருக்கிற வார்த்தையே வேற (உக்ரைன்ல 'ஸ்வித்').

இப்போதான் விஷயமே. 2007-ல புதின் 'ரூஸ்கிய் மீர்'னு ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சார். அர்த்தம் 'ரஷ்ய உலகம்'. ரஷ்ய மொழி பேசறவங்க எங்க இருந்தாலும் எங்க ஆளுங்கன்னு ஒரு கொள்கையாவே அது வளர்ந்துச்சு. 2014-ல கிரிமியா, 2022-ல முழுப் போர், ரெண்டுலயும் அந்தப் பேச்சு அடிபட்டுச்சு. உக்ரைன்காரங்களுக்கு ரஷ்யன் நல்லாவே புரியும். ஆனா அவங்க சொந்த மொழியில மிர்னா அமைதி மட்டும்தானே? குண்டு விழுற ஊர்ல அதை எப்படி எழுதறது?

அதனால நிறைய பேர் மொழிபெயர்க்காம, ரஷ்யன் ஒலியை அப்படியே கிண்டலா எழுதறாங்க. உக்ரைன் எழுத்துல அந்த 'இ' ஒலிக்குப் புள்ளி எழுத்துதான் வரும். ஆக, மாஸ்கோ 1918-ல தூக்கிப் போட்ட புள்ளி, கீவ்ல திரும்பவும் அந்த மீர் மேல வந்து உக்காந்திருக்கு.